தேர்வைத் தள்ளிப்போடலாமா?

சனவரி பிறந்துவிட்டால் நம் விடுதிகளில் ஒரு பேச்சு எழும். உணவுக்கூடத்தில் தட்டேந்தி நிற்கும்போதும், தேநீர்க் கடை வாயிலில் குளிருக்கு ஒடுங்கி நிற்கும்போதும் அப்பேச்சே காதில் விழும். "இந்த ஆண்டு வேண்டாம் என்று பார்க்கிறேன், இன்னும் படித்து முடிக்கவில்லை. அடுத்த ஆண்டு நிதானமாக எழுதிக்கொள்ளலாம்." இப்படிச் சொல்பவர் சோம்பேறி அல்லர். பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகாமல் அறையிலேயே இருந்து படித்தவராக இருப்பார். தேர்வுக் கட்டணமும் கட்டியிருப்பார். ஆனால் நாள் நெருங்க நெருங்க, படித்தவை மறைந்து படிக்காதவை மட்டுமே அவர் கண்முன் நிற்கும்.

அவருக்கு நாம் பொதுவாகச் சொல்லும் விடைகள் இரண்டு. "பயப்படாதே, எழுது; வருவது வரட்டும்" என்பது ஒன்று. "மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் பிறந்தவை. இரண்டும் ஆராயாமல் சொல்லப்படுபவை. ஒன்று துணிவை நம்பச் சொல்கிறது. மற்றது அச்சத்தை நம்பச் சொல்கிறது. எழுதுவதால் என்ன போகும், விடுவதால் என்ன போகும் என்று இரண்டுமே கேட்கவில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன: தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்குச் சொல்லப்பட்டவை எனினும், தேர்வுக்கு நிற்கும் மாணவனுக்கும் அவ்வரிசை பொருந்தும். முதலில் ஆக்கமும் இழப்பும் எண்ணுதல், பின்பு வலிமையை அளத்தல், அதன் பின்னரே காலத்தைப் பற்றிப் பேசுதல், இறுதியில் இடம். நாமோ பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். "காலம் போதாது" என்பதே நம் முதற்சொல்லாகவும் முடிவாகவும் இருந்துவிடுகிறது. வள்ளுவர் வைத்த வரிசையிலேயே இச்சிக்கலைக் காண்போம்.

1. ஆக்கமும் இழப்பும் எண்ணுதல்

எல்லாத் தேர்வுகளுக்கும் ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு தேர்வும், எழுதினால் ஒரு விலையும் எழுதாவிட்டால் ஒரு விலையும் கேட்கிறது. அவ்விலை அதன் விதிகளில் இருக்கிறது. ஆகவே மனத்தைக் கேட்பதற்கு முன் விதிநூலைக் கேட்கவேண்டும்.

பொறியியலிலும் அறிவியலிலும் மேற்படிப்புக்குச் செல்வோர் எழுதும் 'கேட்' தேர்வை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 7 ஐ.ஐ.டி.களும் முறை வைத்து இதனை நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரே முறை, பெப்ரவரியில் நடைபெறும். வயது வரம்பும் இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற எல்லையும் இல்லை. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். பெற்ற மதிப்பெண் முடிவு வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகள் செல்லும். இங்கே எழுதித் தோற்றவன் இழப்பது என்ன? ஒரு முற்பகல் அல்லது ஒரு பிற்பகல். கட்டணமோ முன்னரே கட்டியாயிற்று. போகாமல் இருந்தால் அது திரும்பி வராது. எழுதாதவன் இழப்பதோ முழுதாக ஓராண்டு. இத்தேர்வுக்கு உண்மையில் 'ஒத்திவைத்தல்' என்பதே கிடையாது. அது தன் நாளில் நடந்துவிடும். நாம் போகாமல் இருக்கிறோம், அவ்வளவே.

ஐ.ஐ.எம். நிறுவனங்கள் நவம்பரில் நடத்தும் 'கேட்' தேர்வு வேறு. பெயரொலி ஒன்றாக இருப்பதால், இதனை மேலாண்மைத் தேர்வு என்று குறிப்போம். இதன் மதிப்பெண் அடுத்து வரும் சேர்க்கைக்கு மட்டுமே பயன்படும். இந்த ஆண்டு குறைந்த மதிப்பெண் பெற்றவர் அடுத்த ஆண்டு நன்றாக எழுதினால் பழைய குறை அவரைத் தொடராது. எனவே இங்கும் எழுதுவதன் விலை சிறியதே.

ஜி.ஆர்.இ. தேர்வில் நிலைமை மாறுகிறது. வெளிநாட்டு மேற்படிப்புக்கான இத்தேர்வின் நாளை நாமே குறிக்கிறோம். குறைந்தது 4 நாள் முன்னதாகச் சொல்லி, அதற்குரிய கட்டணம் செலுத்தினால் நாளை மாற்றலாம். ஒருமுறை எழுதினால் 21 நாள் கழித்தே மீண்டும் எழுதலாம். 12 மாதத்திற்குள் 5 முறைக்கு மேல் இயலாது. மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். எந்த நாளில் பெற்ற மதிப்பெண்ணை அனுப்புவது என்று நாமே தேர்ந்துகொள்ளவும் வழியுண்டு. ஆனால் கட்டணம் மிகுதி. ஒவ்வொரு முறையும் முழுதாகக் கட்டவேண்டும். ஆகவே இங்கே ஒத்திவைத்தல் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. பல்கலைக்கழகங்கள் விண்ணப்பம் பெறும் கடைசி நாள் இன்னும் தள்ளியிருந்தால், மூன்று வாரம் தள்ளிப்போடுவது அறிவுடைமையாகவே இருக்கலாம்.

மற்றொரு கோடியில் இந்திய ஆட்சிப்பணித் தேர்வு நிற்கிறது. அது பணித் தேர்வே, கல்விச் சேர்க்கைத் தேர்வன்று. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றது. பொதுப் பிரிவினர் 6 முறையும் பிற பிற்பட்ட வகுப்பினர் 9 முறையும் மட்டுமே எழுதலாம். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் வயது வரம்புக்குள் முறைக்கணக்கு இல்லை. முதனிலைத் தேர்வின் இரு தாள்களில் ஒன்றுக்குச் சென்று அமர்ந்தாலே ஒரு முறை கழிந்துவிடும். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் கழியாது. "சும்மா ஒரு முறை எழுதிப் பார்ப்போம்" என்பது கேட் தேர்வில் நல்ல அறிவுரை. இங்கே அதே சொல் ஆறில் ஒன்றை விலையாகக் கேட்கிறது.

ஊரிலுள்ள தம்பி தங்கையர் ஐ.ஐ.டி. சேர்க்கைக்குப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு சனவரியிலும் ஏப்ரலிலும் இருமுறை நடக்கிறது. இரண்டில் உயர்ந்த மதிப்பெண்ணே கணக்கில் வரும். அங்கே சனவரியை விடுபவர், இலவசமாகக் கிடைத்த ஒரு வாய்ப்பை விட்டவராவார். அதன் அடுத்த படியான அட்வான்ஸ்டு தேர்வோ, தொடர்ந்த 2 ஆண்டுகளில் 2 முறை மட்டுமே எழுதத்தக்கது. இந்த ஆண்டு எழுதாமல் சேமித்து வைத்து மூன்றாம் ஆண்டில் எழுத முடியாது.

இதிலிருந்து நாம் பெறும் விதி ஒன்று. பழைய மதிப்பெண் பின்தொடராத, முறைக்கணக்கில்லாத, நாள் மாறாத தேர்வில், 'தயாராகவில்லை' என்பது மட்டும் விட்டுவிடுவதற்குக் காரணமாகாது. முறைக்கணக்கோ மிகுந்த செலவோ உள்ள தேர்வில் அது ஒரு காரணமாகலாம். ஆனால் அது உண்மையா என்று முதலில் அளந்து பார்க்கவேண்டும்.

2. வலிமையை அளத்தல்

'தயாராகவில்லை' என்பது ஓர் உணர்ச்சி. உணர்ச்சி பொய்யன்று, ஆனால் அஃது அளவுகோலும் அன்று. 1999ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூகர், டன்னிங் என்னும் இரு உளவியலார், மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, தாம் எந்த நிலையில் இருப்பதாக அவர்கள் கருதுகின்றனர் என்று கேட்டனர். மிகக் குறைவாகப் பெற்ற கால்பங்கினர் தம்மைச் சராசரிக்கு மேற்பட்டவராக எண்ணினர். மிக உயர்வாகப் பெற்ற கால்பங்கினரோ தம் இடத்தைச் சற்றுத் தாழ்த்தியே எண்ணினர். நன்கு படித்தவருக்குத்தான் தாம் படிக்காதது எவ்வளவு என்று தெரியும். அதனால் அவருடைய அச்சம் பெரிதாக இருத்தல் இயல்பே.

நமக்கு இதில் ஒரு தனித் துன்பமும் உண்டு. தொலைவிலிருந்து வந்து, சுற்றிலும் வேற்றுமொழி ஒலிக்க வாழ்கிறோம். நம்மிற் பலர் பள்ளியில் தமிழில் படித்தவர். பக்கத்து அறை நண்பர் பயிற்சிக் கல்லூரியின் பாடக் குறிப்புகளைப் பற்றிச் சரளமாக ஆங்கிலத்தில் பேசும்போது, அவர் அறிந்ததெல்லாம் நமக்குத் தெரியாது என்று தோன்றிவிடுகிறது. பேச்சின் வேகத்தைக் கல்வியின் ஆழமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். வினாத்தாளோ பேச்சைக் கேட்பதில்லை.

அளக்கும் முறை எளியது. இதுவரை பார்க்காத பழைய வினாத்தாள்கள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேட் தேர்வுக்கு அவை, நடத்தும் நிறுவனங்களின் வலைத்தளங்களிலேயே கிடைக்கின்றன. ஒரே வாரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், தேர்வு நடக்கும் அதே வேளையில், 3 மணி நேரம், எழாமல் எழுதுங்கள். புத்தகம் கூடாது, கைப்பேசி கூடாது. கணினித் திரையில் வரும் கணிப்பானையே பயன்படுத்துங்கள். கைக்கணிப்பானைத் தேர்வில் விடமாட்டார்கள். பின்பு திருத்துங்கள். திருத்தும்போது, "இது தெரியும், கை தவறிவிட்டது" என்று அரை மதிப்பெண்கூட இனாம் கொடுத்தலாகாது.

பெற்ற மதிப்பெண்ணைக் காட்டிலும் இழந்த மதிப்பெண்ணே நமக்குப் பாடம். அதனை நான்காகப் பிரியுங்கள்: பாடமே தெரியாமல் இழந்தது, தெரிந்தும் கணக்கில் தவறி இழந்தது, நேரம் போதாமல் தொடாமல் விட்டது, ஊகித்து எழுதி எதிர்மதிப்பெண்ணாற் போனது. கேட் தேர்வில் 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா தவறினால், 1 மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரு பங்கும் கழிப்பார்கள். எண்ணை விடையாக எழுதும் வினாவுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேரும் வினாவுக்கும் கழிவு இல்லை. இதனை அறியாமல் எல்லா வினாவையும் ஒன்றுபோல் அஞ்சுவோர் பலர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு மாணவர் மூன்று தாளிலும் சராசரியாக 35 பெறுகிறார். அவர் விரும்பும் துறைக்கு 50 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இழந்த 65இல் தெரியாதது 30, கைத்தவறு 15, நேரக் குறைவு 12, எதிர்மதிப்பெண்ணும் ஊகமும் 8. குறைவது 15 மதிப்பெண். பாடம் தெரிந்திருந்தும் போனவை 35. அதில் பாதியை மீட்டாலே அவர் இலக்கைத் தாண்டுவார். அதற்கு ஓராண்டு வேண்டியதில்லை. ஐந்து வாரப் பயிற்சி போதும். "இன்னும் தயாராகவில்லை" என்று இவர் சொன்னால், அவருடைய தாளே அதனை மறுக்கும்.

மற்றொருவர் 14 பெறுகிறார். இழந்த 86இல் 70 தெரியாதது. இவருடைய அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இவர் கேட் எழுதலாம். ஆனால் அதன்மேல் இந்த ஆண்டின் நம்பிக்கை முழுவதையும் ஏற்றி வைத்தலாகாது. இவர் எழுதவிருப்பது ஜி.ஆர்.இ. போன்ற தேர்வாயின் நாளை மாற்றுவதே தகும். ஆட்சிப்பணித் தேர்வாயின் அந்த ஒரு முறையைக் காத்துக்கொள்வதும் தகும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். கேட் தேர்வில் நூற்றுக்கு நூறு யாரும் கேட்கவில்லை. பொதுப் பிரிவினர்க்குத் தகுதி மதிப்பெண் 25க்குக் கீழே போவதில்லை. பல பாடங்களில் 40ஐ எட்டுவதும் இல்லை. தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பது உண்மைதான். ஆயினும் பாடத்திட்டம் முழுவதும் முடித்தவரே தேர்வுக்கூடத்தில் நுழையலாம் என்று எண்ணுபவர், இல்லாத ஒரு விதியைத் தாமே இயற்றித் தம்மீதே சுமத்திக்கொள்கிறார்.

3. காலத்தை அறிதல்

அளந்தாயிற்று, குறை உண்மை என்றும் தெரிந்துவிட்டது. அப்போதும் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: தள்ளிப்போட்டுக் கிடைக்கும் காலத்தில் எதனை வேறாகச் செய்யப்போகிறோம்?

நாளை வரும் நாட்களைப் பற்றி நாம் எப்போதும் தாராளமாகக் கணக்கிடுவோம். 1979இல் கானமன், துவெர்ஸ்கி என்னும் அறிஞர்கள் இக்குறையை எடுத்துக்காட்டினர். 1994இல் வெளியான பியூலர் முதலியோரின் ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைக் கேட்டபோது, சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றனர். எல்லாத் தடைகளும் வந்தால் 49 நாள் ஆகலாம் என்றனர். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். தாமே எண்ணிய மிக மோசமான நிலையையும் கடந்தது! அடுத்த ஆண்டு நமக்குக் கிடைக்கும் 365 நாட்களிலும் பருவத் தேர்வு உண்டு, செய்முறை ஏடு உண்டு, அக்காள் திருமணம் உண்டு, காய்ச்சலும் உண்டு. வெற்று நாட்களாக எந்த ஆண்டும் வருவதில்லை.

மேலும், கூடுதல் நாட்களில் பழைய முறையிலேயே படித்தால் பயன் சிறிது. ரோடிகர், கார்ப்பிக் என்போர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. ஒரு கூட்டம் ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. மற்றொரு கூட்டம் ஒரு முறை படித்து, மூன்று முறை பாராமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த கூட்டமே முந்தியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவர்க்கு நூற்றுக்கு 40 நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்க்கு 61 நினைவிருந்தது. பாடத்தை மீண்டும் மீண்டும் படிப்பது தெளிந்துவிட்டதாக ஒரு மயக்கத்தைத் தருகிறது. ஆகவே தேர்வு எழுதுவதும் ஒருவகைப் படிப்பே. 'முழுதும் படித்தபின் எழுதுவேன்' என்பவர் ஏணியின் உச்சியை அடைந்தபின் முதற்படியில் கால் வைப்பேன் என்பவரை ஒப்பார்.

காலமறிதல் அதிகாரத்தில் சண்டைக்கு நிற்கும் ஆட்டுக்கடாவை வள்ளுவர் உவமையாகக் காட்டுகிறார். அது பின்வாங்குவது மோதுவதற்காக, ஓடுவதற்காக அன்று. நம் பின்வாங்குதல் எவ்வகையது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. புதிய தேர்வு நாள், வாரந்தோறும் முடிக்கவேண்டிய பாடம், அடுத்த முழுத் தாள் எழுதும் நாள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் இன்றைக்கே எழுத முடிகிறதா? முடிந்தால் அஃது ஒத்திவைத்தல். "பிறகு பார்ப்போம்" என்று மட்டுமே எழுத முடிந்தால் அது தப்பித்தல்.

இக்கட்டுரையாளன் ஒரு பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, நுழைவுச்சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் படுத்துக் கிடந்தவன். அறைத் தோழரும் தாம் தயாரில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் போய் எழுதினார். பெரிய இடம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. மாலையில் திரும்பியவர், "கடைசி அரை மணியில் கை நடுங்கியது, எளிய கணக்கு நான்கை விட்டுவிட்டேன்" என்றார். அந்த அறிவு அவருக்கு அன்றே வந்தது. எனக்கு வர இன்னும் ஓராண்டு ஆயிற்று. அடுத்த பெப்ரவரியிலும் அதே அச்சம் அதே அளவில் வந்தது. ஓராண்டுப் படிப்பு அதனைக் குறைக்கவில்லை. எழுதி முடித்தபின்னரே குறைந்தது. நான் அன்று செய்த தவறு போகாமல் இருந்தது மட்டும் அன்று. ஒரு தாளைக்கூட அளந்து பாராமல், போகவேண்டாம் என்று முடிவு செய்ததே பெருந்தவறு.

4. இடமும் துணையும்

இடத்தைப் பற்றிச் சில சொற்கள். விண்ணப்பிக்கும்போதே தேர்வு மையத்தைக் கருதித் தேர்ந்துகொள்ளுங்கள். ஊரில் எழுதினால் வீட்டுச் சோறு கிடைக்கும் என்று சென்னையையோ மதுரையையோ குறிப்போர் உண்டு. வடநாட்டுக் குளிர்காலத்தில் மூடுபனியால் இரயில்கள் பல மணி நேரம் தாமதமாவதை நாம் அறிவோம். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல். தேர்வுக்கு முதல்நாள் இரயிலில் கிடப்பதைவிட, வளாகத்துக்கு அருகிலேயே எழுதுவது நன்று.

எழுதவே கூடாத நிலைகளும் உண்டு. கடும் நோய், குடும்பத்தில் இழப்பு, பட்டத் தேர்வோடு மோதும் நாள் ஆகியன வந்தால் விட்டுவிடுவதில் இழிவு இல்லை. பல வாரமாக உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வெறுத்துப்போகும் அளவுக்கு அச்சம் முற்றினால், அது தேர்வைப் பற்றிய சிக்கல் அன்று. மருத்துவரிடம் காட்டவேண்டிய துன்பம். வளாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். எந்தத் தேர்வும் ஓர் உயிரைவிடப் பெரிதன்று.

வீட்டாரிடம் மறைக்காதீர்கள். "எழுதினேன், சரியாக வரவில்லை" என்று கேட்கும் தந்தை ஒருநாள் வருந்துவார். எழுதாமலே எழுதியதாகச் சொல்லியதைப் பின்னர் அறிந்தால் நெடுநாள் வருந்துவார். அளந்த மூன்று தாள்களின் மதிப்பெண்ணோடு பேசினால், அவருக்கும் விளங்கும். உங்களுக்கும் பேச்சு எளிதாகும்.

முடிவாக, நண்பர்களே, நான்கு வினாக்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இத்தேர்வின் விதிப்படி எழுதினால் என்ன இழப்பு, விட்டால் என்ன இழப்பு? மூன்று தாள்களில் நான் பெற்றது என்ன, இழந்தது எதனால்? தள்ளிப்போட்டால் எந்த வாரத்தில் எதனைச் செய்வேன்? எங்கே, யார் துணையோடு எழுதுவேன்? விடை எழுதுவதற்கும் ஒரு நாள் குறியுங்கள்: நாள் மாறாத தேர்வுக்கு ஒரு திங்கள் முன்பு, மாற்றத்தக்க தேர்வுக்கு மாற்றும் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு. அன்றிரவு முடிவு செய்தபின், அதனை மீண்டும் வழக்கு மன்றம் ஏற்றாதீர்கள். எழுதுவதா வேண்டாமா என்று நாள்தோறும் மன்றாடுவதில் கழியும் மணி நேரம், எழுதுபவருக்கும் உதவாது, தள்ளிப்போடுபவருக்கும் உதவாது.

அச்சம் வாயிலில் நிற்கட்டும். விடையை மட்டும் அதனிடம் கேளாதீர்கள். திருத்திய தாள்களிடம் கேளுங்கள்.